எந்தப் பச்சை, சார்?

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தின் கலரைக் காப்பாற்றியதில் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கும் ஒரு பங்கு உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்!

படம் வந்தது 1958ல். 1990களின் நடுவில் ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் என்ற இருவர் அதைச் சீரமைக்க உட்கார்ந்தபோது நெகட்டிவில் சாயம் வெளுத்துக் கிடந்தது. பத்திரத்துக்காக நிறத்துக்கு ஒன்றாக எடுத்துவைத்திருந்த மூன்று கறுப்பு-வெள்ளைப் பிரதிகளும் ஆளுக்கொரு அளவில் சுருங்கி, ஒன்றின்மேல் ஒன்று பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்தன. பழைய படங்களுக்கு வழக்கமாக வருகிற வியாதிகள்தான். ஆனால் இந்தப் படத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பச்சை. உணவகத்தில் கிம் நோவாக் போர்த்தி வரும் சால்வை பச்சை, ஓட்டுகிற ஜாகுவார் பச்சை, ஹோட்டல் அறையில் அவர்மேல் விழுகிற நியான் வெளிச்சமும் பச்சை. பச்சை தப்பினால் படமே தப்பு!

சரி, எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா? போய்க் கேட்க ஹிட்ச்காக்கும் இல்லை, ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸும் இல்லை. அந்த நேரத்தில்தான் படத்தில் வரும் ஒரு காரின் பச்சை பெயிண்ட் மாதிரி, நிறம் கெடாமல், ஃபோர்டு கம்பெனியிடமிருந்து கிடைத்தது. இதுதான் அந்தப் பச்சை என்று கை வைத்துச் சொல்ல ஒரு சாட்சி வந்துவிட்டது. 1996ல் படம் 70 எம்.எம்.மில் மறுபடி தியேட்டருக்கு வந்தது.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து பழைய பட டிஸ்க் எதைப் போட்டாலும் எனக்குக் கை பரபரக்கிறது. ‘பிரிண்ட் சூப்பர்’, ‘கலர் மொக்கை’ என்று சோஃபாவில் சாய்ந்தபடி ஒரே வரியில் தீர்ப்பு சொல்கிறோமே, அந்தக் கலரை யார் முடிவு செய்தார்? எதை வைத்து முடிவு செய்தார்? வாங்க, கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில் மேஜை. கையுறை போட்ட ஒருவர் நெகட்டிவ் சுருளை மெல்லச் சுற்றிச் சுற்றி, ஓரத்துத் துளைகளையும் பழைய ஒட்டுகளையும் தடவிப் பார்க்கிறார். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் எல்லோர் முகமும் வாடிவிடும். ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது ஸ்கேனர். இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வித்தை இருக்கிறது. ஃபிலிமை ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள்! ஃபிலிமும் அந்தத் திரவமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் கீறல் பள்ளங்கள் நிரம்பி, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை, வெறும் ஈரம்.

அப்படி ஸ்கேன் ஆகி வந்த படத்தைத் திரையில் பார்த்தால் பக்கென்றிருக்கும். உப்புப் போடாத ரசம் மாதிரி சப்பென்று, சாம்பல் பூத்துக் கிடக்கும். கறுப்பு கறுப்பாக இருக்காது, சிவப்புக்கு உயிர் இருக்காது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், நெகட்டிவின் சுபாவமே அதுதான். கேமராவுக்கு முன்னால் இருந்த வெளிச்சத்தை முடிந்த மட்டும் அள்ளி வைத்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. படம் எப்படித் தெரிய வேண்டும் என்பது லேபில் பாசிட்டிவ் அடிக்கும்போதுதான் முடிவாகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வெளிச்சத்துக்கும் ஷாட்டுக்கு ஷாட் ஓர் எண். 50 வரை போகும் அந்தக் கணக்கில் மூன்றும் 25 என்றால் நடுநிலை. எண்ணைப் போடுகிறவர் கிரேடர். பக்கத்தில் ஒளிப்பதிவாளர் நின்றுகொண்டு இன்னும் ஒரு பாயின்ட் சிவப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அசல் கலர், அசல் கலர் என்கிறோமே, அது அந்த எண்களிலும் தியேட்டருக்குப் போன பாசிட்டிவிலும்தான் இருந்தது. டிஸ்க் போடுகிறவர்கள் நெகட்டிவை எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் இந்த ஒரு விஷயம் அதிலிருந்து கிடைக்காது. 4கே என்று அட்டையில் பொன்னெழுத்தில் போட்டிருப்பதற்கும் கலர் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

ரீலின் ஆரம்பத்தில் இன்னொரு ரகசியம் ஒளிந்திருக்கும். படம் தொடங்கும் முன் நாலைந்து ஃபிரேமுக்கு ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் சாம்பல் கட்டங்கள், வண்ணக் கட்டங்கள். தியேட்டரில் நம் கண்ணில் படவே படாது. லேப்காரர்கள் ‘சைனா கேர்ள்’ என்பார்கள். முகத்தின் நிறம் சரியாக விழுந்தால் மற்றதும் சரியாக விழும் என்ற நம்பிக்கை. நம்முடைய கண்ணும் அப்படித்தான். வானம் கொஞ்சம் மாறினால் விட்டுவிடும், முகம் மாறினால் விடாது. (அந்தப் பெண்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரிகள். உலகத்துத் தோல் நிறத்துக்கெல்லாம் அவர்களை வைத்து அளவெடுத்தது என்ன நியாயம் என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.)

பாசிட்டிவில் இருந்தது என்றால் பாசிட்டிவைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதானே? அங்கேதான் ஈஸ்ட்மென் கலர் காலை வாருகிறது. போஸ்டரில் படத்தின் பெயருக்குச் சமமாக ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று போட்டு நாமும் பெருமைப்பட்டவர்கள்தான். கோடாக் 1950ல் கொண்டுவந்த அந்த ஃபிலிமில் மூன்று சாயமும் ஒரே சுருளில் அடுக்காக இருக்கும். வேலை சுலபம், செலவும் குறைவு. சாயம்தான் நிற்காது. பிரிண்டுகளில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் கழன்றுகொள்ளும், மிஞ்சுவதெல்லாம் ரோஸ். டூரிங் டாக்கீஸில் நைந்த பிரிண்ட் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் நினைவிருக்கும்: வானம் ரோஸ், வயல் ரோஸ், எம்.ஜி.ஆர். இன்னும் கொஞ்சம் ரோஸ்.

பழைய டெக்னிகலர் இதற்கு நேர் எதிர். கேமராவுக்குள்ளேயே ஒரு முப்பட்டகம் ஒளியைப் பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் பதியவைக்கும். அப்புறம் லேபில், துணிக்கு அச்சுக் குத்துகிற மாதிரியே, ஒவ்வொரு சாயமாக ஃபிலிமில் ஒற்றி எடுப்பார்கள். அந்தச் சாயம் லேசில் மங்காது. ஆக யாராவது ஒரு சேகரிப்பாளர் வைத்திருந்த டெக்னிகலர் பிரிண்ட் கிடைத்துவிட்டால் ரெஸ்டோரர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. ‘தி காட்ஃபாதர்’ அந்த முறையில் பிரிண்ட் போட்ட கடைசிக் காலத்துப் படம். ‘வெர்டிகோ’வைச் சீரமைத்த அதே ஹாரிஸின் குழு அதைச் சீரமைத்து 2008ல் ப்ளூ-ரே வந்தபோது அப்படிப்பட்ட பிரிண்ட் ஒன்றுதான் கலருக்கு வழிகாட்டி. மார்லன் பிராண்டோவின் கண்களே தெரியாத அளவுக்கு ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் இருட்டாக எடுத்த படம் அது. முகமே தெரியலையே என்று நல்லெண்ணத்தோடு யாராவது வெளிச்சத்தை ஏற்றிவிட்டால் போச்சு, கதை கந்தல்! 2022ல் மறுபடியும் அதே படத்துக்கு உட்கார்ந்தார்கள்: 300 பெட்டிகளுக்கு மேல் ஃபிலிமைத் துருவி, கறையையும் கிழிசலையும் சரிசெய்ய 4,000 மணி நேரம், கலருக்கு மட்டும் 1,000 மணி நேரத்துக்கு மேல்.

டெக்னிகலர் என்றால் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ பற்றிப் பேசாமல் நகர முடியாது, மன்னிக்கவும். 1939. கான்சஸ் காட்சிகள் பழுப்பு நிறத்தில் வரும். டோரதி கதவைத் திறப்பாள், வெளியே பூவும் புல்லுமாக வண்ணம் கொட்டும். ஒரே ஷாட்! அது எப்படி என்கிறீர்களா? வீட்டின் உட்புறம் முழுக்கப் பழுப்பு பெயிண்ட் அடித்தார்கள். கதவைத் திறக்கிற பெண் ஜூடி கார்லண்ட் இல்லை, பழுப்பு உடை போட்ட அவருடைய டூப். கதவைத் திறந்துவிட்டு டூப் ஒதுங்கிக்கொள்ள, நீலக்கட்டம் போட்ட உடையில் ஜூடி நடந்து ஃபிரேமுக்குள் வருகிறார். முழு ஷாட்டும் கலர் ஃபிலிமில் எடுத்ததுதான். டிஸ்க் கையில் இருந்தால் இங்கே நிறுத்திப் பாருங்கள். அதற்கு முந்தின ஷாட்டில் இருப்பது லேபில் ஏற்றிய பழுப்பு, இதில் இருப்பது சுவரில் அடித்த பழுப்பு. இரண்டும் ஒன்றோடு ஒன்று உறுத்தாமல் சேர்ந்தால், டிஸ்க்குக்குக் கலர் பார்த்த கலரிஸ்ட் தூங்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் இன்னொரு கூத்து. 1949ல் படத்தை மறுபடி வெளியிட்டபோது கான்சஸை வெறும் கறுப்பு-வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். பழுப்பு திரும்பி வந்தது 1989ல், ஐம்பதாவது ஆண்டு வீடியோவில். இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறுப்பு-வெள்ளைதான் ‘ஒரிஜினல்’! நாம் முதன்முதலில் பார்த்த பிரிண்டையே அசல் என்று நம்பிச் சண்டை போடுகிற குணம் உலகத்துக்கே பொது.

டோரதியின் சிவப்புச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஜோடி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. ஃபோர்டு பெயிண்ட் மாதிரி இதையும் பக்கத்தில் வைத்துக் கலரைப் பொருத்திவிடலாமே? கூடவே கூடாது! பளிச்சென்ற சிவப்பு சமிக்கி தைத்தால் அந்தக் கால டெக்னிகலரில் ஆரஞ்சாக விழும் என்று, வேண்டுமென்றே கருஞ்சிவப்பில் தைத்தார்கள். மியூசியத்தில் இருக்கிற நிறத்தைத் திரையில் கொண்டுவந்தால் அது நிச்சயமாகத் தப்பு. சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்று நெகட்டிவ் என்பதால் வருகிற வம்பு வேறு. மூன்றும் சமமாகச் சுருங்காவிட்டால், வெள்ளைக் காலரின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையுமாக மெல்லிய கோடு தெரியும். ‘தி ரெட் ஷூஸ்’ படத்துக்கு இதோடு பூஞ்சையும் பிடித்திருந்தது. இரண்டே கால் மணி நேரப் படம், மூன்று நெகட்டிவுக்கும் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஃபிரேம். அத்தனையையும் ஸ்கேன் செய்து, பொருத்தி, பூஞ்சையைத் துடைத்து, 2009ல் கான் விழாவில் திரையிட்டார்கள்.

துடைக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த வேலைக்கு நம்ம ஊர் ரொம்பப் பிரசித்தம். சென்னை பிரசாத் நிறுவனத்தில் வெளிநாட்டுப் படங்களுக்கு வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகத் தூசியும் கீறலும் நீக்குகிறார்கள். உலகமெங்கும் ஆவணக் காப்பகங்களில் ஓடுகிற ‘ஸ்கேனிட்டி’ ஸ்கேனரைச் செய்கிற ஜெர்மன் கம்பெனியே இன்று பிரசாத் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம். மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அது மழைத்துளியையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். அதனால்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

எதுவரை துடைக்கலாம்? 1953ல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்க்காரர்களின் கப்பல்கள் கம்பியில் தொங்கும். சாயம் ஒற்றிய அந்தக் காலப் பிரிண்டில் கம்பி அவ்வளவாகத் தெரியவில்லை. பிற்காலப் பிரிண்டிலும் டிஸ்கிலும் பளிச்சென்று தெரிந்து மானம் போனது. அண்மைச் சீரமைப்பில் கம்பியை அழித்துவிட்டார்கள். இது மோசடியா, நியாயமா? அன்றைய ரசிகர் பார்க்காத கம்பியை நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? என் ஓட்டு அழித்தவர்களுக்கு.

கிரெயின் விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். படத்தின் மேல் மணல் தூவின மாதிரி நெளிகிறதே, அது அழுக்கில்லை. படமே அதனால் ஆனதுதான். அதைத் தேய்த்து எடுத்தால் கூடவே தோல் துளை, துணி நெசவு, இலை நரம்பு எல்லாம் போய்விடும். 2010ல் வந்த ‘பிரிடேட்டர்’ ப்ளூ-ரேயில் அர்னால்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காட்டில் வியர்த்து விறுவிறுத்து நிற்க வேண்டிய மனிதர் மெழுகு பொம்மையாக மினுங்குவார்! ‘பேட்டன்’ படத்துக்கும் 2008ல் இதே கதி. கூச்சல் கிளம்பி, 2012ல் புதிதாகப் போட்டார்கள். மினுமினுப்பைப் பார்த்து ‘என்னா க்ளாரிட்டி’ என்று வாய் பிளக்கும் முன் நடிகரின் நெற்றியைப் பாருங்கள்.

சரி, டிஸ்க் வீட்டுக்கு வந்துவிட்டது. கலரிஸ்ட் உட்கார்ந்திருந்த அறையில் சுவரெல்லாம் சாம்பல் நிறம், திரைக்குப் பின்னால் அளவெடுத்து வைத்த வெள்ளை வெளிச்சம். கண் எதற்கும் பழகிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் இவ்வளவு ஏற்பாடு. மஞ்சள் ஏறிய படத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் மஞ்சளே தெரியாது. இரண்டு பதிப்பின் ஸ்டில்லைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் பிரகாசமானதுதான் ஜெயிக்கும், சரியானது ஜெயிக்காது. நம் வீட்டிலோ டிவி ‘விவிட்’ மோடில் நீலம் பூத்து நிற்கிறது, 24 ஃபிரேம் படத்தை சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓட்டுகிறது. அந்த வழுவழுப்பை அணைக்கச் சொல்லி 2018ல் டாம் குரூஸே வீடியோ போட்டுக் கெஞ்சினார். 2019ல் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்று ஒன்றை அறிவித்தார்கள். உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ‘சினிமா’ மோடு போதும். முதல் ஐந்து நிமிடம் மங்கலாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரகாசத்தை ஏற்றிக் காட்டும் எச்.டி.ஆர். டிஸ்க் என்றால் இன்னொரு சேதி: தியேட்டர் திரையில் வெள்ளையின் பிரகாசம் 48 நிட், சில டிவிகளில் 1,000ஐயும் தாண்டும். 1960களின் படத்தில் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசினால், யாரோ இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறார்.

டிவியையும் ஒழுங்குபடுத்தியாயிற்று, இனி பழி முழுக்க டிஸ்க்காரர் தலையில்தான். 2014ல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ ப்ளூ-ரேயில் வானம் வரைக்கும் மஞ்சள் பூசியிருந்தது. இத்தாலியில் போலோன்யா நகரத்தில் இருக்கும் ஓர் உலகப்புகழ் லேபில் நடந்த சீரமைப்பு. ரசிகர்கள் கொதித்தார்கள், 2017ல் வேறொரு கம்பெனி மஞ்சளைக் குறைத்து வெளியிட்டது. பழைய படம் எடுத்த டைரக்டர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் இந்தத் தகராறெல்லாம் என்று நினைக்கிறீர்களா? உயிரோடு இருந்தால் இன்னும் கோலாகலம்! வோங் கார்-வாய் தன் படங்களை 4கேயில் சீரமைத்தபோது ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்தின் திரை அகலத்தையே மாற்றிவிட்டார். ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தில் பச்சை ஏறிப்போய், பழைய டிஸ்கை வைத்திருந்தவர்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

இந்த வகையில் முதல் பரிசு ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்குத்தான். 1971 படம், நியூயார்க் குளிர், அழுக்கு வீதி. 2009ல் ப்ளூ-ரேக்காக டைரக்டர் வில்லியம் ஃபிரீட்கின் தானே உட்கார்ந்தார். படத்தை முதலில் கறுப்பு-வெள்ளையாக்கினார். கலரை மட்டும் தனியே எடுத்து, அளவுக்கு மீறி ஏற்றி, கலங்கலாக்கி, அதன் மேல் பூசினார். கோட்டு ஓரத்தைத் தாண்டி நிறம் கசிந்தது, முகங்கள் வெளிறின. டைரக்டரே செய்தது, யார் என்ன சொல்ல முடியும்? ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் சொன்னார்! இந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், தன்னைக் கேட்காமல் செய்த இந்த வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பகிரங்கமாகக் கொந்தளித்தார். 2012ல் இரண்டு பேருக்கும் சம்மதமான கலரில் புதிய ப்ளூ-ரே வந்தது.

2009 டிஸ்க் இன்னும் பழைய டிஸ்க் விற்கிறவர்களிடம் மலிவாக மாட்டும். வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். எனக்கென்னவோ இரண்டுமே வேண்டும். 2009ஐப் போட்டு, எந்தெந்த ஷாட்டில் ராய்ஸ்மனுக்கு ரத்தம் கொதித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பதே தனி ஆனந்தம்.